சவரிநாதன் வாத்தியாரின் நாலாவது கடிதம்

நெடுங்குறிச்சி போர்டு பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் சவரிநாதன், இருபத்தாறு வருஷ சர்வீஸில் ஒரு நாள்கூடச் சொல்லாமல் நின்றதில்லை. அம்மை போட்டுப் படுத்த பதினேழு நாளுக்கும் படுக்கையிலிருந்தே லீவு எழுதிக் கொடுத்தவர். ராஜா காலத்தில் வேலைக்குச் சேர்ந்தார். சமஸ்தானம் போய் குளத்தூர் தாலுகா திருச்சி ஜில்லாவோடு சேர்ந்தபோது ஊரெல்லாம் என்னென்னவோ மாறியது. காலை ஒன்பதே முக்காலுக்குப் பள்ளிக்கூடக் கதவைத் திறக்கிற கை மட்டும் மாறவில்லை.

அப்படிப்பட்டவருக்கு உதவியாசிரியராக வந்து வாய்த்தவன்தான் ரத்தினவேல். முப்பது வயது இருக்கும். சிரித்த முகம், வழித்து வாரிய கிராப்பு. அன்னவாசலில் அவனுக்கு ஒரு மைக் செட் கடை இருந்தது. குழாய் ஸ்பீக்கர் இரண்டு, கிராமபோன் பெட்டி ஒன்று, கரண்டு இல்லாத ஊருக்குக் கொண்டுபோக லாரி பேட்டரி இரண்டு. ஐம்பத்தேழாம் வருஷத் தேர்தலில் மூன்று கட்சிக்காரர்களும் அந்த ஒரே குழாயில்தான் ஒருத்தரை ஒருத்தர் திட்டினார்கள். தேர்தல் முடிந்ததும் கல்யாணம், காதுகுத்து, சாமி புறப்பாடு என்று ஓய்வில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை காலையில் சைக்கிளில் வந்து இறங்குவான். "வணக்கம் சார்" என்று சொல்லி ரெஜிஸ்தரில் கையெழுத்துப் போடுவான். மத்தியான மணி அடித்ததும் சைக்கிள் இருந்த இடத்தில் சைக்கிள் இருக்காது. அடுத்த திங்கட்கிழமைதான் மறுபடி தரிசனம். நடுவில் வரும் நாட்களுக்கு சவரிநாதன் சிவப்பு மையில் கோடு போடுவார். செப்டம்பர் மாதத்தில் பார்த்தால், ரெஜிஸ்தரில் ரத்தினவேலின் வரிசை பூத்த செம்பருத்தி மாதிரி இருந்தது.

பள்ளிக்கூடத்தில் மொத்தமே இரண்டு வாத்தியார்தான். நாலும் ஐந்தும் சவரிநாதனுக்கு. ஒன்று, இரண்டு, மூன்று ரத்தினவேலுக்கு. அவன் வராத நாட்களில் அந்த மூன்று வகுப்பும் வெளியே மைதானத்தில் நிற்கும். சவரிநாதன் ஜன்னல் வழியாக அங்கிட்டு ஒரு வாய்ப்பாடும், இங்கிட்டு ஒரு வகுத்தல் கணக்குமாகச் சொல்லித் தொண்டை கட்டி, ராத்திரி மிளகுக் கசாயம் குடிப்பார்.

ஜூனில் ஒரு கடிதம், ஜூலையில் ஒன்று, ஆகஸ்டில் ஒன்று என மேலாபீஸுக்கு மூன்று கடிதம் எழுதினார். முதலாவதில் 'வருகை ஒழுங்காக இல்லை' என்றார். இரண்டாவதில் 'அனுமதியின்றி வராதிருக்கிறார்'. மூன்றாவதில் 'தொடர்ந்து வராதிருக்கிறார்'. மூன்றுக்கும் பதில் இல்லை.

செப்டம்பர் கடைசியில் மலையாண்டி வந்து தன் மகள் செங்கமலத்தின் பேரை எடுக்கச் சொன்னான். அந்தப் பிள்ளை மூன்றாம் வகுப்பு. கெட்டிக்காரி.

"ஏம்ப்பா நிறுத்துறே? நல்லாப் படிக்கிற புள்ளையாச்சே."

"படிக்கிதுங்களா? காலையில வந்து வெயில்ல நிக்கிது, சாயங்காலம் கறுத்துப் போய் வருது. வெயில்ல நிக்கிறதுன்னா எங்க ஆட்டோட நிக்கட்டுமே. அதுக்கு ஒரு பிரயோசனம் உண்டுல்ல?"

சவரிநாதன் ரெஜிஸ்தரைத் திறந்து செங்கமலத்தின் பேரை அடித்தார். மலையாண்டி கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் தன் அகராதியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆவூர் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தபோது, ஊர் திரும்பிய ஒரு வெள்ளைக்காரச் சாமியார் அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனது அது. அச்சடித்து எழுபது எண்பது வருஷம் ஆகியிருக்கும். முதுகு பிய்ந்து, அட்டையில் கரையான் வழி போட்டிருந்தது. இங்கிலீஷில் இப்போது யாரும் பேசாத வார்த்தைகளெல்லாம் அதில் உயிரோடு இருந்தன. சவரிநாதன் கற்ற இங்கிலீஷ் முழுக்க அதிலிருந்து கற்றதுதான்.

'வராதிருத்தல்' என்பது சப்பையான வார்த்தை என்று அவருக்குப் பட்டது. காய்ச்சல்காரனும் வராதிருக்கிறான், கள்ளனும் வராதிருக்கிறான். நம்பி ஒப்படைத்த இடத்தை விட்டு ஓடுகிறவனுக்கென்று ஒரு தனி வார்த்தை இருக்க வேண்டுமே? பக்கம் பக்கமாகத் தள்ளிக்கொண்டே போனவர் 'ஆர்' எழுத்தில் நின்றார். ரெக்ரியன்ஸி. போர்க்களத்தில் தன் நிலையைக் கைவிட்டுக் கோழையாய் ஓடுதல். கொண்ட கடமைக்குத் துரோகம் செய்து நீங்குதல். பழங்காலத்துப் போர்வீரனை அப்படிச் சொல்லிவிட்டால் அவன் அதற்கப்புறம் நாலு பேர் நடுவில் முகம் காட்ட முடியாதாம். படிக்கப் படிக்க சவரிநாதனுக்கு உடம்பு சிலிர்த்தது.

"என்னத்தத் தேடுறீங்க?" என்று கேட்டாள் மனைவி வியாகுலமேரி.

அவர் சொன்னார். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டு முடித்தாள்.

"வரலைன்னு எழுதுங்களேன். வரலைன்னா யாருக்கும் புரியுமே."

"மூணு தடவை எழுதியாச்சு. யாரு பதில் போட்டா?"

"அப்ப புரியாததை எழுதினா மட்டும் பதில் வந்துருமாக்கும்?"

பதில் வந்தது. அதுதான் வினை.

சவரிநாதன் எழுதிய நாலாவது கடிதத்தைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'உதவியாசிரியர் ரத்தினவேல் ஜூன் மாதம் முதல் விடாமல் ரெக்ரியன்ஸியில் ஈடுபட்டு வருகிறார். இத்தகைய ரெக்ரியன்ஸியை என் இருபத்தாறு வருஷ அனுபவத்தில் நான் கண்டதில்லை. இதன் பலனாக முதல் மூன்று வகுப்புக் குழந்தைகளும் நாள் முழுதும் மைதானத்தில் இருக்கிறார்கள். மேலிடம் உடனே கவனிக்க வேண்டுகிறேன்.'

மூன்றே வாரத்தில், ஒரு திங்கட்கிழமையன்று, சீல் போட்ட பழுப்பு உறை வந்தது. ரத்தினவேல் அப்போதுதான் சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்தான். சவரிநாதன் உறையைப் பிரித்து நின்றபடியே படித்தார். பிறகு உட்கார்ந்து படித்தார்.

'உதவியாசிரியர் ரத்தினவேல் ஜூன் மாதம் முதல் விடாது நடத்திவரும் ரெக்ரியேஷன் குறித்து மேலிடம் மகிழ்ச்சியடைகிறது. குழந்தைகளை நாள் முழுதும் திறந்த வெளியில் வைத்திருப்பது மற்றப் பள்ளிகளுக்கும் முன்மாதிரியாகும். அன்னாரைப் பாராட்டுவதுடன் இந்த வட்டாரத்தின் விளையாட்டு அமைப்பாளராகவும் நியமிக்கிறோம். தலைமையாசிரியர் இனிமேல் எழுத்துப்பிழையின்றி எழுதவும்.'

ரெக்ரியன்ஸியை விளையாட்டு, பொழுதுபோக்கு என்று அர்த்தப்படும் ரெக்ரியேஷனாக்கிவிட்டார்கள்! இரண்டு வார்த்தைக்கும் இங்கிலீஷில் முதல் ஆறு எழுத்து ஒன்றுதான். ஏழாவது எழுத்தில் துரோகம் ஒரு பக்கம் போகிறது, விளையாட்டு இன்னொரு பக்கம் போகிறது. அதுகூடப் பரவாயில்லை. எழுத்துப்பிழையாமே! சவரிநாதன் காகிதத்தை மேஜைமேல் போட்டார்.

"என்ன சார், ஒரு மாதிரியா இருக்கீங்க?" என்று கிட்டே வந்த ரத்தினவேல் மேஜைமேல் கிடந்த காகிதத்தைப் பார்த்தான். தன் பேரைக் கண்டதும் எடுத்துப் படித்தான். படிக்கப் படிக்க அவன் முகத்திலிருந்த வழக்கமான சிரிப்பு போய்விட்டது.

"சார்... நீங்க எனக்காக எழுதினீங்களா?"

சவரிநாதன் காகிதத்தை வாங்கக் கையை நீட்டினார். ரத்தினவேல் அதை விடவில்லை.

"நான் இருந்த இருப்புக்கு நீங்க என்னைப் பத்திப் பிராது எழுதியிருக்கணும் சார். எழுதியிருந்தா ஞாயந்தான். அதை விட்டுட்டு..." காகிதத்தை நாலாக மடித்தான். "எங்கப்பா இருந்தவரைக்கும் என்னை உருப்படாதவன்னுதான் சொன்னாரு. எங்க மாமனாரு இப்பவும் சொல்றாரு. என்னைப் பத்தி நல்லதா ஒரு வரி எழுதுன மனுசன் நீங்க ஒருத்தர்தான்."

குனிந்து அவர் காலைத் தொட்டான். சவரிநாதன் காலை உள்ளே இழுத்துக்கொண்டார். அந்த நிமிஷத்தில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்கப்புறம் ஒவ்வொரு நாளும், இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தார்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. ரத்தினவேல் வந்தான்! புதன்கிழமை மாட்டு வண்டியில் மைக் செட்டோடு வந்தான். பள்ளிக்கூடத்து வேம்பில் குழாயைக் கட்டினான். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, இசைத்தட்டுப் பாட்டுக்குக் கை தூக்கவும் கால் மாற்றவும் சொல்லிக்கொடுத்தான். ஊரே வந்து வேலியோரம் நின்று பார்த்தது. மத்தியானத்துக்கு மேல் வாய்ப்பாட்டை மைக்கில் சொல்லச் சொன்னான். தன் குரல் குழாய் வழியாக அரை மைல் தூரம் போவதைக் கேட்ட பிள்ளைகள், மைக்கைப் பிடிக்கிற ஆசையில் பதினாறாம் வாய்ப்பாடுவரை மனப்பாடம் பண்ணின. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த செங்கமலம் ஆடுகளைக் காட்டிலேயே விட்டுவிட்டு வந்து வரிசையில் நின்றுகொண்டது. பின்னாலேயே வந்த மலையாண்டி சொன்னான்:

"பேரைத் திரும்ப எழுதிக்கங்க வாத்தியாரே. இதை இனிமே கட்டித்தான் போடணும்."

மார்கழி பிறப்பதற்குள் நாற்பது பிள்ளைகள் எழுபத்தெட்டு ஆகிவிட்டன. கடையை மச்சான் பார்த்துக்கொள்கிறான் என்று ரத்தினவேல் சொன்னான். ரெஜிஸ்தரில் சிவப்பு மைக்கு வேலையில்லை.

வேறு யாராக இருந்தாலும் இத்தோடு திருப்திப்பட்டிருப்பார்கள். சவரிநாதனால் முடியவில்லை. தன் கையெழுத்துக்கு மேலே ஒரு பொய் உட்கார்ந்திருப்பதாக அவருக்கு உறுத்தியது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாவசங்கீர்த்தனத்தின்போது சாமியாரிடம் சொன்னார். "ஒரு வார்த்தையை அடுத்தவன் தப்பாப் படிச்சா அது உம்ம பாவம் எப்படி ஆகும்?" என்று சாமியார் சிரித்து அனுப்பிவிட்டார். எழுத்துப்பிழைக்காரன் என்ற பேர் வேறு ராத்தூக்கத்தைக் கெடுத்தது. ரத்தினவேலின் பாராட்டைப் பிடுங்குவதா அவர் நோக்கம், இல்லை, தன் இங்கிலீஷைக் காப்பாற்றுவதா? அதை அவர் தன்னிடமே கேட்டுக்கொள்ளவில்லை.

ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை விடிகாலையில், அகராதியைத் துண்டில் சுற்றிக்கொண்டு ரோட்டுக்கு நடந்து, திருச்சி பஸ் ஏறினார். லீவு எழுதிக் கொடுக்கவில்லை. எழுதினால் காரணம் காட்ட வேண்டும். காரணத்தைப் பார்க்கிறவர்களும் அதே மேலாபீஸ்காரர்கள்தான். அனுமதி வரப் பத்து நாளாகும். கதவைத் திறக்கும்படி ரத்தினவேலிடம் மட்டும் முந்தின நாளே சாவியைக் கொடுத்திருந்தார்.

மேலாபீஸில் ஹெட் கிளார்க் பேர் ஐயனார். வெற்றிலை போட்ட வாய், நிதானமான மனுஷர். சவரிநாதனை உட்காரவைத்து, அகராதியை வாங்கி, விரல் வைத்துப் படித்தார். இரண்டு தடவை படித்தார்.

"அடேயப்பா! நல்ல வார்த்தையா இருக்கே சார். எங்க ஆபீஸ் அகராதி சின்னது, அதுல இது இல்ல. அதான் பையன் திருத்திப்புட்டான். மைதானத்துல புள்ளைங்கன்னு வேற நீங்களே எழுதியிருந்தீங்க. அந்த மாசம் எங்களுக்கும் விளையாட்டுல முன்மாதிரியா ஒரு ஸ்கூல் காட்டச் சொல்லி மெட்ராஸ்ல இருந்து நெருக்கிக்கிட்டே இருந்தாங்க."

"இப்ப திருத்திரலாமில்லீங்களா?"

"எப்படித் திருத்துறது? பெரியவர் கையெழுத்துப் போட்டு அது மெட்ராஸ் வரைக்கும் போயிருச்சு. இப்ப நீங்க எழுதுனதுதான் சரின்னா, பெரியவருக்கு இங்கிலீஷ் தெரியலைன்னு ஆகும். உங்களுக்கு ஒரு எழுத்து பிழைச்சதுன்னே இருந்துட்டா யாருக்கும் சங்கடமில்ல பாருங்க."

"எனக்குச் சங்கடமா இருக்குதுங்க."

ஐயனார் அவரை இரக்கத்தோடு பார்த்தார். "அது சரி. அந்த ஆளு இப்ப ஒழுங்கா வாராரா?"

"வாராரு."

"இன்னைக்கு?"

"இன்னைக்கும் அவருதான் பள்ளிக்கூடத்தைப் பாத்துக்கிறாரு."

"நீங்க லீவு போட்டுட்டு வந்தீங்களா?"

சவரிநாதன் தலையைக் குனிந்தார்.

ஐயனார் அகராதியை மெல்ல மூடி அவர் பக்கம் நகர்த்தினார். "அப்ப இந்த வார்த்தை இன்னைக்கு யாருக்குச் சேரும்னு பாருங்க சார். சீக்கிரம் கிளம்புங்க. நம்ம இன்ஸ்பெக்டர் இன்னைக்கு உங்க ஸ்கூலுக்குத்தான் போயிருக்காரு. முன்மாதிரிப் பள்ளிக்கூடத்தைப் பாக்கணும்னு."

திரும்பி வந்த பஸ் கீரனூரில் டயர் வெடித்து நின்றது. சவரிநாதன் நெடுங்குறிச்சி போய்ச் சேரும்போது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. பிள்ளைகள் போய்விட்டன. ரத்தினவேல் மட்டும் படியில் உட்கார்ந்திருந்தான்.

"கவலைப்படாதீங்க சார். வந்தாரு, பாத்தாரு, சந்தோசமாப் போயிட்டாரு. அஞ்சு கிளாஸையும் நானே பாத்தேன். உங்க அஞ்சாங்கிளாஸுல வகுத்தல் கணக்குக் கேட்டாரு, புள்ளைங்க கப்புன்னு சொல்லிருச்சுங்க."

"என்னைக் கேட்டாரா?"

"கேட்டாரு. காலையில கையெழுத்துப் போட்டுட்டு ஆபீஸ் ட்யூட்டியாப் போயிருக்கீங்கன்னேன். ரெஜிஸ்தரைப் பாக்க வந்தாரு. அதுக்குள்ள உங்க கையெழுத்தை நானே..." அவன் கொஞ்சம் வெட்கப்பட்டான். "உங்க 'ச'னாவுல ஒரு சுழி இருக்கே, அதுதான் கஷ்டப்படுத்திருச்சு."

சவரிநாதன் ரெஜிஸ்தரைத் திறந்து பார்த்தார். தன் கையெழுத்தேதான். இருபத்தாறு வருஷத்தில் அவர் சொல்லாமல் வராத ஒரே நாளில், வந்ததாக நின்றது.

அவர் படியில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒன்றுவிடாமல் சொன்னார். நாலு கடிதம், அகராதி, அந்த வார்த்தை, திருச்சியில் நடந்தது எல்லாம்.

 முடிந்ததும் ரத்தினவேல் எழுந்து சைக்கிளைத் தள்ளினான்.

"மூணு மாசமா நான் அந்தக் காகிதத்துக்காகத்தான் வந்தேன் சார்" என்றான். "அதை மடிச்சு பொண்டாட்டிகிட்ட குடுத்திருக்கேன். பொட்டியில வச்சிருக்கா."

வெள்ளிக்கிழமை அவன் வரவில்லை. திங்கட்கிழமையும் வரவில்லை. செவ்வாய்க்கிழமை மச்சான் வண்டியோடு வந்து, வேம்பிலிருந்து குழாயைக் கழற்றிக்கொண்டு போனான். பிள்ளைகள் மரத்தைப் பார்த்தபடி நின்றன. சவரிநாதன் ரெஜிஸ்தரில் தன் பேருக்கு எதிரே இருந்த வியாழக்கிழமைக் கையெழுத்தை அடித்து, சிவப்பு மையில் கோடு போட்டு, 'நான் வரவில்லை, கையெழுத்து என்னுடையதல்ல, யார் போட்டது என்பதைச் சொல்ல விருப்பமில்லை' என்று மேலாபீஸுக்கு எழுதினார். இந்தத் தடவை தமிழில் எழுதினார்.

புதன்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் அன்னவாசலுக்கு நடந்தார். ரத்தினவேல் கடை வாசலில் ஸ்பீக்கருக்குச் சுருள் சுற்றிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தான். ஸ்டூலை இழுத்துப் போட்டான். வாங்க என்று சொல்லவில்லை.

"அந்த வார்த்தைக்கு என்னதான் அர்த்தம்? முழுசாச் சொல்லுங்க" என்றான்.

"போர்க்களத்துல தன் இடத்தை விட்டுட்டு ஓடுறது."

"போர்க்களமா?" ரத்தினவேல் கம்பியை வைத்துவிட்டு அவரைப் பார்த்தான். "மூணு கிளாஸு. ஒழுகுற ஓடு. ஒரு பெட்டி சாக்குக்கட்டி கேட்டா ஆறு மாசம். அதைப் போர்க்களம்னு நெனச்ச மனுசன் இந்த ஜில்லாவுல நீங்க ஒரு ஆளாத்தான் இருக்கும்."

"இப்பவும் அப்படித்தான் நெனக்கிறேன்" என்றார் சவரிநாதன். "நீ அதுல நல்லாச் சண்டை போட்டே. மூணு மாசம் பாத்தேன். அதை எழுதியிருக்கணும். எழுதாம, ஒரு வார்த்தையைத் தூக்கிக்கிட்டுத் திருச்சிக்குப் போனேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

 ரத்தினவேல் உள்ளே போய் மச்சானை டீ வாங்கிவரச் சொன்னான். டீ வந்தது, குடித்தார்கள். முகூர்த்த நாளுக்கு லீவு எழுதிக் கொடுத்தால் ஒப்புக்கொள்வீர்களா என்று கேட்டான். முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால் சரி என்றார் சவரிநாதன். "அதானே பாத்தேன்" என்று சொல்லி முதல் தடவையாகச் சிரித்தான்.

வியாழக்கிழமை வந்தான். முன்போல ஓட்டமும் சாட்டமுமாக இல்லை, ஆனால் வந்தான். தை மாதம் முழுக்கக் கல்யாணமாக இருந்தது; ஆறு லீவுக் கடிதம், ஆறும் முறைப்படி. மற்ற நாட்களில் வகுப்பில் நின்றான். குழாய் மறுபடி வேம்பில் ஏறியது.

மேலாபீஸிலிருந்து பதில் வர நாலு மாதம் ஆயிற்று. முன்மாதிரிப் பள்ளியின் தலைமையாசிரியர் சொல்லாமல் பள்ளியை விட்டுப் போனதும், ரெஜிஸ்தரை அடித்துத் திருத்தியதும் கடுங்குற்றம். கண்டனம் தெரிவித்து, அவரை ஜில்லாவின் மறுகோடியில் இருந்த பள்ளிக்கூடம் ஒன்றுக்கு மாற்றியிருந்தார்கள். நெடுங்குறிச்சிக்குத் தலைமையாசிரியர் பொறுப்பு ரத்தினவேலுக்கு.

"இதுக்குத்தான் அப்பவே வரலைன்னு எழுதச் சொன்னேன்" என்று வியாகுலமேரி பாத்திரங்களைச் சாக்கில் கட்டினாள். கோபித்துக்கொண்டுதான் கட்டினாள், ஆனாலும் அகராதியைப் பழைய சேலையில் சுற்றி, அரிசிப் பானைக்குள் பத்திரமாக வைத்தவள் அவள்தான்.

ஜூன் மாதம் பள்ளி திறந்த இரண்டாம் நாள் காலையில் பஸ்ஸுக்கு நின்றார்கள். ரத்தினவேல் சாக்கு மூட்டையை சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்திருந்தான். புது வாத்தியார் எப்போது வருவார் என்று மேலாபீஸுக்கே தெரியாது. அதுவரை ஐந்து வகுப்புக்கும் அவன் ஒருத்தன்தான்.

"எண்பத்திரெண்டு புள்ளைங்க சார்" என்றான். "என்னைத் தனியா மாட்டிவிட்டுட்டு நீங்கபாட்டுக்குப் போறீங்களே. இது ஞாயமா?"

"ஆர்டர் போட்டுருக்காங்கப்பா."

"ஆர்டர் போட்டா? போர்க்களம்னீங்க?"

அதற்குள் பஸ் வந்துவிட்டது. மூட்டையை மேலே ஏற்றினார்கள். வியாகுலமேரி ஏறினாள். படியில் ஒரு கால் வைத்த சவரிநாதன், இடுப்பிலிருந்த கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "மணி ஒம்பதரை. நீ கிளம்பு" என்றார்.

ரத்தினவேல் ஏதோ சொல்ல வந்தான். கண்டக்டர் விசில் கொடுத்தார். அவன் சைக்கிளைத் திருப்பி, பள்ளிக்கூடத்தைப் பார்த்து மிதிக்க ஆரம்பித்தான்.